ஜட்ஜம்மாவுக்குப் போன கடிதங்கள்

பழைய தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிப் பேச நாலு பேர் கூடினால் போதும், அந்த விண்கப்பல் தொடர் ஏன் பாதியில் நின்றது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். இயக்குநருக்கும் நடிகைக்கும் சண்டை என்பார் ஒருவர். மேலிடம் பயந்துவிட்டது என்பார் இன்னொருவர், ஏதோ பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி. கண், காது, மூக்கு வைத்துப் பேச நம் ஆட்களுக்குச் சொல்லியா தர வேண்டும்! நிஜத்தில் அந்தக் கப்பலை நிறுத்தியது, அதை நிறுத்த வேண்டும் என்று கனவில்கூட நினைக்காத ஒரு பெண். தொலைக்காட்சி நிலையத்தின் கீழ்த்தளத்தில் நேயர் கடிதப் பிரிவில் இருந்தாள். வாயிற்காவலர் முதல் பெரிய அதிகாரிவரை எல்லோருக்கும் அவள் தபாலக்கா.

தபாலக்காவின் வேலையில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. காலையில் சாக்கில் வரும் கடிதங்களைப் பிரிப்பாள், எந்த நிகழ்ச்சிக்கு வந்தது என்று பார்ப்பாள், நிகழ்ச்சிவாரியாகக் கட்டுக் கட்டி வெள்ளிக்கிழமை மாடிக்கு அனுப்புவாள். பதினாறு வருஷம் அதைச் செய்ததில் அவளுக்கு ஒன்று மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது. நிகழ்ச்சி பிடித்தவன் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகத் தூங்கப் போய்விடுவான். கடுப்பானவன்தான் மெனக்கெட்டுத் தபால்தலை வாங்கி ஒட்டுவான். அதனால் பாராட்டுக் கடிதம் வருவது அபூர்வம். நூற்றுக்குப் பத்து வந்தால் பெரிய விஷயம்.

கப்பல் தொடருக்கு வாரம் எண்பது, தொண்ணூறு கடிதம் வரும். வழி தவறிய கப்பலில் கேப்டன் முதல் சமையல்காரர்வரை ஏழு பேர், வீடு திரும்ப வழி தேடுகிறார்கள், அவ்வளவுதான் கதை. “குக்கர் மூடியை ஒட்டி வைத்துவிட்டு எஞ்சின் என்கிறீர்களே, எங்களைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது?” என்று ஒருவர் எழுதுவார். “எடையே இல்லாத இடத்தில் கேப்டனின் தேநீர் மட்டும் எப்படிக் கோப்பையிலேயே இருக்கிறது?” என்று ஒரு பள்ளி ஆசிரியர் வாராவாரம் கேட்பார். நடுவில் எப்போதாவது வேறு மாதிரி ஒன்று வரும். குழாய் வேலை பார்க்கும் ஒருவர் எழுதியிருந்தார்: “கப்பலில் தண்ணீர்க் குழாயை யார் மாட்டியது? அந்த வளைவு மூன்றே நாளில் கசியும். பாவம், ஏழு பேர் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வந்து சரி செய்து தருகிறேன், கூலி வேண்டாம்.” இன்னொரு அம்மாள்: “அவர்கள் சாப்பிட உட்காரும்போது நானும் தட்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்காருகிறேன். இந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.”

இப்படிப்பட்டவற்றைத்தான் தபாலக்கா பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கடிதம் எதுவும் கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது விதி. மீறினால் வேலை போய்விடும். தெரிந்துதான் செய்தாள், தங்கைக்காக.

தங்கை பதினோரு வயது இளையவள். அப்பா அம்மா போனபின் அக்காதான் அவளுக்கு எல்லாம். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் “இவளை யார் பாத்துப்பாங்க?” என்று தட்டிக் கழித்துவிட்டாள். தங்கைக்கு இதயத்தில் வால்வு சரியில்லை. மூன்றாவது மாடியிலிருந்து அவள் கீழே இறங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உடம்புதான் படுக்கையில், வாய் என்னவோ ஊரைச் சுற்றிவரும். கேப்டனின் சட்டையில் போன வாரம் நாலு பொத்தான், இந்த வாரம் மூன்று என்பாள். பக்கத்து வீட்டுக் குக்கர் ஒரு விசில் குறைவாக அடித்தாலும் தீர்ப்பு சொல்வாள். அதனால் அக்கா அவளுக்கு ஜட்ஜம்மா என்று பேர் வைத்திருந்தாள்.

“இந்த வருஷம் தாண்டட்டும், அப்புறம் பாக்கலாம்” என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஜட்ஜம்மாவுக்கும் அது தெரியும்.

“எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்க்கா. கப்பல் வீடு போய்ச் சேர்றதைப் பாத்துடணும். அவ்வளவுதான்.”

“சும்மா இரு. கப்பலும் சேரும், அதுக்கப்புறம் நாப்பது தொடர் நீ பாத்துக் குறை சொல்லுவ.”

கடிதங்களைக் கொண்டுவந்த முதல் நாள், “இதெல்லாம் மேல படிச்சு முடிச்சாச்சு, இனிமே குப்பைதான்” என்று அக்கா பொய் சொன்னாள். மறுநாள் திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் நினைப்பு. ஆனால் தங்கை விட்டால்தானே! குழாய்க்காரர் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, “இந்த மனுஷனை நேர்ல பாக்கணும்க்கா, தங்கமான மனசு” என்றாள். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அக்கா பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. நூற்றில் ஐந்தாறு போனால் யாருக்குத் தெரியப்போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். நாலு மாதத்தில் கட்டிலுக்கடியில் இருந்த துணிப்பை நிரம்பிவிட்டது.

இருபதாவது வாரம் மாடியில் கூட்டம் நடந்தது. இன்னும் ஆறு வாரம் கொடுத்தால் கப்பல் வீடு சேர்ந்து கதை முடியும். கொடுப்பதா வேண்டாமா என்பதுதான் பேச்சு. கட்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டுத் தபாலக்கா கதவோரம் நின்றாள். நிகழ்ச்சி அதிகாரி கட்டின் நடுவிலிருந்து பத்துக் கடிதங்களை உருவி ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார். குக்கர் மூடி. தேநீர்க் கோப்பை. “அந்த நேரத்தில் பழைய பாட்டுப் போடுங்கள், புண்ணியமாகப் போகும்.” பத்தும் திட்டு. அவர் இன்னும் பத்தை உருவினார். அவையும் அப்படித்தான்.

“ஒருத்தருக்குக்கூடவாய்யா பிடிக்கல?” என்று அதிகாரி கேட்டார். குரலில் கோபமில்லை, வருத்தம்தான் இருந்தது. அவருக்கும் அந்தத் தொடர் பிடிக்கும்.

இருக்கு சார், என் வீட்டுக் கட்டிலுக்கடியில ஒரு பை நிறைய இருக்கு என்று தபாலக்கா சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போகும், வேலை போனால் மாத்திரை போகும். அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு நிமிஷத்தை நினைத்து நினைத்து அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கப்பல் வரவில்லை. தொடர் நிறைவடைந்தது என்று அறிவிப்பாளர் சிரித்த முகத்தோடு சொன்னார். குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்த அக்காவுக்குத் தங்கையின் அலறல் கேட்டது.

“அக்கா! நடுவானத்துல விட்டுட்டுப் போயிட்டானுங்கக்கா! எத்தனை பேர் உருகி உருகி எழுதினாங்க? இதையெல்லாம் படிச்சும் நிறுத்த மனசு வந்துச்சா? கல்நெஞ்சக்காரப் பாவிங்க!”

மூச்சு வாங்க வாங்கத் திட்டித் தீர்த்தாள். திட்டு ஒவ்வொன்றும் போய்ச் சேர வேண்டிய இடத்தில்தான் போய்ச் சேர்ந்தது என்று அவளுக்குத் தெரியாது. அக்கா ஈரக் கையோடு நின்றாள்.

மறுநாள் காலை, வேலை போனாலும் போகட்டும் என்று அவள் குனிந்து துணிப்பையை எடுத்தாள்.

“எங்க கொண்டு போற?”

“ஆபீசுக்கு. மேல காட்டிட்டு வரேன்.”

“மேல படிச்சு முடிச்சாச்சுன்னுதானே சொன்ன?”

ஜட்ஜம்மாவுக்குப் பதில் தேவைப்படவில்லை.

“நல்லதா வந்ததெல்லாம் எனக்குக் கொண்டு வந்துட்டியா?”

“உனக்கு சந்தோஷமா இருக்குமேன்னுதான்டி...”

“திட்டுனதையெல்லாம் எனக்குக் கொண்டு வந்திருக்கலாமேக்கா. நான் படிச்சு சிரிச்சிருப்பேன். கப்பலும் வீடு போய்ச் சேர்ந்திருக்கும்.”

கத்தியிருந்தால் பரவாயில்லை, கையில் கிடைத்ததை விட்டெறிந்திருந்தாலும் தாங்கிக்கொண்டிருப்பாள். தங்கை மெதுவாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுத் தலையணைக்கடியிலிருந்து குழாய்க்காரர் கடிதத்தை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

அதிகாரி எல்லாவற்றையும் கேட்டார். ஒரு கடிதத்தைப் படித்தார், சிரித்தார். பத்து படித்தார். தட்டோடு உட்காரும் அம்மாளின் கடிதத்தைப் படித்தபின் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“அன்னிக்குக் கூட்டத்துல இதுல பாதி இருந்திருந்தாக்கூடப் போதும்மா. அடிச்சுப் பேசி வாங்கியிருப்பேன்.”

“இப்ப ஏதாவது பண்ண முடியாதா சார்? என்னை வேணும்னா வேலையை விட்டு எடுத்துடுங்க.”

“உங்களை எடுத்து என்ன ஆகப்போகுது? கப்பலைப் பிரிச்சாச்சு. அந்தப் பலகையில சிறுவர் நிகழ்ச்சிக்குக் கடை மாதிரி செட் போட்டுட்டாங்க.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “போய் வேலையப் பாருங்கம்மா” என்றார்.

அதற்கப்புறம் வீட்டில் கப்பல் பேச்சே எழவில்லை. தங்கை கோபித்துக்கொள்ளவும் இல்லை. “சாப்டியாக்கா?” என்று கேட்பாள், மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்வாள். சட்டைப் பொத்தானை எண்ணுவது மட்டும் நின்றுபோயிற்று. யார் எதைத் தப்பாகச் செய்தாலும், “இருக்கட்டும்க்கா” என்றாள்.

இரண்டு மாதத்தில் தங்கையை மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தது. ஒருநாள் மாலை, பார்வையாளர் நேரம் முடியக் கால்மணி இருக்கும்போது, அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீயே சொல்லுக்கா. கப்பல் எப்படி வீடு போச்சு?”

அக்காவுக்குப் பகீரென்றது. அந்தத் தொடரைப் பற்றி ஆயிரக்கணக்கான பேரின் அபிப்பிராயம் அவளுக்குத் தெரியும். தொடரை அவள் உட்கார்ந்து பார்த்ததில்லை, ஞாயிறு பத்து மணி துணி துவைக்கும் நேரம். ஆனாலும் சொன்னாள். தூரத்தில் பச்சையாய் ஒரு புள்ளி தெரிந்ததாம், அது பெரிசாகிக்கொண்டே வந்ததாம், கீழே ஒரே கூட்டமாம்.

“அப்புறம்?”

“கப்பல் இறங்கிச்சு. கதவு திறந்துச்சு. முதல்ல யார் வந்தா தெரியுமா? நம்ம சமையல்காரர்தான். கரண்டியைக் கையில வச்சுக்கிட்டே ஓடிவந்து மண்ணைத் தொட்டுப் பாத்தாரு.”

தங்கை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அப்புறம்?” என்றாள்.

“அப்புறம் ஒவ்வொருத்தரா ஏழு பேரும் இறங்கினாங்க.”

“நல்லா இருக்குக்கா” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மாடிப்படி இறங்கும்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. சமையல்காரர் ஒன்பதாவது வாரமே செத்துப்போயிருந்தார். அந்த வாரம் அழுதுகொண்டு பதினான்கு பேர் எழுதியிருந்தார்கள், தங்கை இரண்டு வேளை சாப்பிடவில்லை. அவ்வளவும் மறந்து, செத்தவரைக் கையில் கரண்டியோடு இறக்கிவிட்டாள். பொத்தானை எண்ணுகிறவள் அதைக் கேட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல், நல்லா இருக்கு என்றிருக்கிறாள்.

திரும்பி ஓடினாள். வார்டு வாசலில் செவிலியர் கையை நீட்டித் தடுத்தார்.

“நேரம் முடிஞ்சுடுச்சும்மா. காலையில வாங்க.”

“ஒரே ஒரு நிமிஷம்மா. கதையைத் தப்பாச் சொல்லிட்டேன். சரியாச் சொல்லிட்டு வந்துடறேன்.”

“அவங்க தூங்கிட்டாங்க. காலையில வந்து சொல்லுங்க.”

இரவெல்லாம் விழித்திருந்து, ஆறு பேரை மட்டும் வரிசையாக இறக்கி, யார் யாரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள் என்பதுவரை அவள் யோசித்து வைத்தாள். காலை ஏழு மணிக்கு வார்டுக்குப் போனபோது, தங்கை ஐந்து மணிக்கே போய்விட்டாள் என்று சொன்னார்கள்.