சும்மா டீச்சர்

பாலர் வகுப்பு டீச்சருக்கு ‘சும்மா டீச்சர்’ என்று பெயர் வைத்தது பெற்றோர்கள்; எடுத்துக் கொடுத்தது பிள்ளைகள். "ஸ்கூல்ல என்ன செஞ்சே?" என்று எந்த வீட்டில் கேட்டாலும், கூடிப் பேசி வைத்ததுபோல ஒரே பதில்: "சும்மா விளையாடினேன்."

முன்பெல்லாம் அவரும் பலகையில் எழுதிப் போட்டுத் தொண்டை வறளக் கத்தியவர்தான். ஒருநாள், குழாய் வாயில் விரலை வைத்துத் தண்ணீரை விசிறிக்கொண்டிருந்த ஒரு வாண்டை அதட்டப் போனவர், தாமும் விரலை வைத்துப் பார்த்தார். அத்தோடு சரி. மறுவாரம் வகுப்பின் நடுவே தண்ணீர்த் தொட்டி வந்து உட்கார்ந்தது.

தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்னும் ஒரு பிள்ளை ஸ்கூலை விட்டு நின்னாலும் தொட்டி வெளியே, சிலேட்டு உள்ளே."

அந்த ஒரு பிள்ளையின் அப்பா இன்று வந்துவிட்டார். லாரி ஆபீஸில் மூட்டைகளுக்கு எடை போடுபவர். மாற்றுச் சான்றிதழ் வாங்கி, மகளையும் கையோடு கூட்டிப்போக வந்திருந்தார்.

"ஒரு எழுத்து தெரியலைங்க அவளுக்கு."

டீச்சர் பதில் தேடுவதற்குள், தொட்டியருகே இருந்த மகள் முந்திக்கொண்டாள்.

"அப்பா, ஆரஞ்சு மிதக்குது பாரு. தோலை உரிச்சுப் போட்டா?"

"இன்னும் நல்லா மிதக்கும். எடை குறையுதுல்ல? யார்கிட்ட கேக்கறே?"

மகள் உரித்துப் போட்டாள். பழம் நேரே அடியில் போய் உட்கார்ந்தது. உரித்த தோல் மட்டும் ஒய்யாரமாக மேலே மிதந்தது.

அப்பா டீச்சரைப் பார்த்தார்.

"பழம் அழுகலா இருக்கும்."

"இருக்கலாம் சார். இன்னொண்ணு இருக்கு."

சட்டைக் கையை மடித்து, அப்பாவே உரித்தார். அதுவும் முழுகியது. தோலைக் கிள்ளி, விளக்குக்கு எதிரே பிடித்து உற்றுப் பார்த்தார். "உள்ளே ஓட்டை ஓட்டையா இருக்கே. காத்தா?"

"அப்படித்தான் இருக்கணும். பாதி மட்டும் உரிச்சா என்ன ஆகும்? நான் பார்த்ததில்லை," என்றார் டீச்சர். நிஜமாகவே பார்த்ததில்லை.

சிறு நாற்காலியில் முழங்கால் மோவாயைத் தொட அப்பா உட்கார்ந்தபோது, போன் அடித்தது. மனைவி.

"சான்றிதழ் வாங்கியாச்சா?"

"இல்லை. வரும்போது ஆரஞ்சு வாங்கிட்டு வரேன். நாளைக்கு இவ ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போகணும்."

"இவ்வளவு நேரம் அங்கே என்னதான் பண்றீங்க?"

முழங்கைவரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தவர் கொஞ்சம் யோசித்தார்.

"சும்மாதான்."