மாப்பிள்ளைக்குப் பின்னால் ஒருவர்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் வீடு மாறுவான். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து, அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையை அழைத்துக்கொள்வார்கள். அப்படித்தான் நான் அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்கு வந்தேன். பஸ்ஸில் ஏறினால் ஒரு மணித்தியாலம் எடுக்கிற தூரம்தான். ஆனால் வந்த நாளிலிருந்து எனக்குப் பெயர் இல்லாமல் போய்விட்டது. வீட்டில் மாப்பிள்ளை, தெருவில் இன்னாருடைய மருமகன். பள்ளிவாசலில் பின்வரிசையில் ஒதுங்கி நின்றாலும், "புது மாப்பிள்ள, முன்னுக்கு வாங்க" என்று யாராவது கையைப் பிடித்து இழுப்பார்கள்.

கிணற்றடியில் வாளியைத் தொட்டால் மாமி பதறிக்கொண்டு ஓடிவருவார். கடைக்குப் போகிறேன் என்றால் மாமா, "நீங்க இரிங்க மருமகன், நான் போறன்" என்பார். மூன்று வேளையும் கோழி, இறைச்சி, மீன், நடுவில் தித்திக்கத் தித்திக்க வட்டிலப்பம். வேண்டாம் என்று சொல்ல முடியாது. மாப்பிள்ளை சோற்றுக் கோப்பையில் மிச்சம் வைத்தால் சமைத்த மாமிக்கு முகம் வாடிவிடும், பிறகு அது அடுத்த தெரு வரை போகும். கல்யாணத்துக்குத் தைத்த காற்சட்டையின் பொத்தான் கழன்று விழுந்த அன்றுதான் சைக்கிள் கழகத்தில் சேர்வதென்று முடிவெடுத்தேன்.

பெற்றோலுக்கு வரிசையில் நின்று மனிதர்கள் பைத்தியமாய் அலைந்த வருடத்தில் தொடங்கிய கழகம் அது. பெற்றோல் வந்த பிறகும் அவர்கள் சைக்கிளை விடவில்லை. விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலுக்கு முன்னால் கூடுவார்கள். பௌர்ணமிக்கு வரும் போயா விடுமுறைகளில் மட்டும் தெற்கே கோமாரி ஊர் வரை போய்வருவார்கள். கோமாரிக்குப் போகும் வழியில்தான் எங்கள் ஊர் இருக்கிறது. அக்கரைப்பற்றுச் சந்தியில் ஒரு தேநீர்க்கடை. என் கூட்டாளிமார் விடிந்ததும் அங்கேதான் கிடப்பார்கள். அந்தச் சந்தியை நான் வரிசையின் நடுவில், தலை நிமிர்த்தி, வேகமாய்க் கடக்க வேண்டும். கோமாரிக்கு என் சொந்தக் காலால் போய்ச் சேர வேண்டும். மாப்பிள்ளை என்று யாரும் தாங்கிப் பிடிக்காத ஓர் இடம் எனக்கு இந்த ஊரில் வேண்டும். என் ஆசையெல்லாம் இவ்வளவுதான்.

முதல் நாள் பயந்துகொண்டுதான் போனேன். பள்ளிக்கூடக் காலத்துக்குப் பிறகு நான் சைக்கிளைத் தொட்டதில்லை. கியர் வைத்த சைக்கிளில் ஏறியதே இல்லை. எதை எப்போது மாற்றுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் திருகிக்கொண்டு நின்றேன். கழகத்தின் கெப்டன் இரும்புக்கடை வைத்திருப்பவர், வாயைத் திறந்தால் ஏச்சுத்தான். ஒருவரை, "டேய், செயின்ல எண்ணெ இல்ல, ஒண்ட தலையில மட்டும் வடியுது" என்றார். இன்னொருவரைப் பார்த்து, "நேத்து எங்கடா போன? மௌத்தாப் போயிட்டியோ எண்டு நெனச்சன்" என்றார். எனக்கு அந்த இடம் உடனே பிடித்துப்போயிற்று. அடுத்ததாக என்னையும் நாலு வார்த்தை கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன்.

கெப்டனின் முகம் சட்டென்று மாறியது.

"அட, மாப்பிளயா? வாங்க, வாங்க. ஒண்டுக்கும் பயப்படாதீங்க. மெல்ல மெல்ல வந்தாக் காணும்" என்றவர், திரும்பிக் கத்தினார். "மாப்பிளக்கிப் பின்னால ஒராள் போங்கடா!"

பின்னால் வந்தவர் என் மனைவியின் பெரியம்மா மகன், எனக்கு மச்சான் முறை. மெலிந்த உடம்பு, பேக்கரியில் வேலை. "நீங்க முன்னால போங்க மச்சான், எனக்கு முழங்கால் நோவு. வேகமா மிதிக்க ஏலா" என்றார். நல்லது, நம்மைப்போல ஒரு நோஞ்சான் கிடைத்தான் என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. சாய்ந்தமருதைத் தாண்டவில்லை, ஒரு மாடு குறுக்கே வர, பிறேக்கை இறுக்கிப் பிடித்து விழுந்தேன். முழங்கால் நொந்த அந்த மனிதர் ஓடி வந்த வேகத்தைப் பார்க்க வேண்டும். நான் எழும்ப முன்பே சைக்கிளைத் தூக்கி, என் கையிலிருந்த மண்ணைத் தட்டி, மாட்டையும் ஏசி அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து அவர் என் பின்சில்லுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டார். நான் மெதுவாக்கினால் மெதுவாக்குவார், நின்றால் நிற்பார். "நீங்க போங்க, நான் வாறன்" என்று ஒவ்வொரு காலையும் சொல்லுவேன். ஒவ்வொரு காலையும் அவருக்கு ஒரு நோவு இருந்தது. ஒருநாள் முழங்கால், ஒருநாள் இடுப்பு, ஒருநாள் ராத்திரி நித்திரை இல்லை. பொய் என்று தெரிந்த பொய்யைத் தினமும் கேட்பது எவ்வளவு எரிச்சல் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

கழகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யாருடைய சில்லில் காற்றுப் போகிறதோ அவர்தான் டியூபைக் கழற்றி ஒட்ட வேண்டும். மற்றவர்கள் சுற்றி நின்று சிரித்துப் பகிடி பண்ணுவார்கள், கை கொடுக்க மாட்டார்கள். வேலை முடிந்ததும் காற்றுப் போனவரே எல்லோருக்கும் பால் சேர்க்காத இஞ்சிப் பிளேன்டீ வாங்கிக் கொடுக்க வேண்டும். காரைதீவுக்கும் நிந்தவூருக்கும் நடுவில் வீதியோரம் நெல் காயப்போட்டிருந்த ஒரு காலையில் என் சில்லில் முள் ஏறியது. உள்ளுக்குள் சந்தோஷமாகிவிட்டது. இன்றைக்கு என்னைப் பகிடி பண்ணுவார்கள் என்று ஆசையோடு குனிந்தேன். அதற்குள் நாலு பேர் சைக்கிளைக் கவிழ்த்து, சில்லைக் கழற்றி, டியூபை ஒட்டி முடித்துவிட்டார்கள். ஒருவர் எனக்கு வெயில் படாமல் நிழல் மறைத்து நின்றார். தேநீர்க்கடையில் நான் சட்டைப்பைக்குள் கைவிட முன்பே கெப்டன் காசைக் கொடுத்துவிட்டு, "மாப்பிளக்கிப் பால் தேத்தண்ணி, ஆட போடு" என்று எனக்கு மட்டும் தனியாகச் சொன்னார். ஆடை மிதந்த அந்தத் தேநீரைக் குடித்தபோது எனக்கு அழுகையே வந்தது.

போதாக்குறைக்கு அவர்களுடைய வட்ஸ்அப் குழுவில் மாமாவையும் சேர்த்திருந்தார்கள். நான் நிந்தவூரில் மூச்சு வாங்குகிற படம் நான் வீடு வர முன்பே வீட்டுக்கு வந்துவிடும். வாசலில் மாமி இளநீரோடு நிற்பார்.

முதல் தடவை கோமாரிக்குப் புறப்பட்ட போயா தினத்தில், சுபஹுக்கு முந்தியே மாமி சமைத்து முடித்திருந்தார். பாற்சோறு, ஈரல் கறி, அவித்த முட்டை, வாழைப்பழம். "தூரப் பயணம், வெறும் வயித்தோட போகக் கூடா" என்று பக்கத்தில் நின்று பரிமாறினார். சைக்கிள் ஓடப்போகிறவன் அப்படிச் சாப்பிடக் கூடாதென்று எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. கோப்பையைத் துடைத்து வைத்துவிட்டு ஏறினேன்.

ஒலுவில் வரைக்கும் வயிறு பொறுத்தது. பாலமுனை கழிய, கச்சான் காற்று வயல் பக்கமிருந்து அடித்துச் சைக்கிளை ஒரு பக்கமாய்த் தள்ளியது. அட்டாளைச்சேனைக்குள் நுழைகிற இடத்தில் இறங்கி, மதகுக் கட்டைப் பிடித்துக்கொண்டு அத்தனையையும் வாந்தி எடுத்தேன். மச்சான் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். முன்னால் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். "போங்க, எனக்காக நிக்காதீங்க!" என்று கத்தினேன். யாரும் அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து, நெல் மூட்டை ஏற்றுகிற மாமாவின் சின்ன லொறி வந்து நின்றது. கல்முனையிலிருந்தே பின்னால் வந்திருக்கிறார். "சும்மா இந்தப் பக்கம் ஒரு வேல இரிந்திச்சி மருமகன்" என்றார். போயா விடுமுறையில், விடியற்காலையில், வெறும் லொறியோடு என்ன வேலை? என் சைக்கிளைத் தூக்கி லொறியில் போட்டார்கள். வீட்டுக்குத் திரும்பியிருந்தால்கூடப் பரவாயில்லை. "இவ்வளவு தூரம் வந்திட்டம், ஒங்கட உம்மாவையும் ஒருக்காப் பாத்திட்டுப் போவம்" என்று மாமா லொறியை அக்கரைப்பற்றுக்கு விட்டார். சந்தியில் லொறி நின்று நின்று போனது. தேநீர்க்கடை வாசலில் என் கூட்டாளிமார். நான் தலையில் ஹெல்மட்டோடு மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் நெல் உமிக்குள் சைக்கிள் கிடக்கிறது. ஒருவன் எழும்பி நின்று கைதட்டினான்.

அன்று பின்னேரம் மனைவியோடு சண்டை பிடித்தேன். "என்ன மனிசனா நடத்தச் சொல்லுங்க, மாப்பிளயா நடத்த வேணாம்" என்றேன். "எங்கட வாப்பா அப்பிடி என்ன செஞ்சிட்டார்? விடிய எழும்பி ஒங்களுக்குப் பின்னால வந்தது குத்தமா?" என்று அவள் கேட்டாள். அவள் கேட்டது நியாயம் என்பதால் என் கோபம் இன்னும் கூடியது.

பிறகு பின்னேரங்களில் அஸர் தொழுதுவிட்டு யாருக்கும் சொல்லாமல் தனியாகச் சைக்கிள் ஓடத் தொடங்கினேன். தெற்கே போனால் சொந்தக்காரர்கள். அதனால் வடக்கே, மருதமுனையைத் தாண்டிப் பெரியநீலாவணைக் கடற்கரை வரை போவேன். அங்கே நான் யாருடைய மருமகன் என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் மணலில் விரித்திருந்த வலையில் என் சில்லு ஏறிவிட்டது. வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கி, "கண் தெரியல்லியா? எடடா சைக்கிள!" என்று ஏசினார். ஏச்சு வாங்கிக்கொண்டு இப்படிச் சிரித்தபடி வீடு திரும்பியவன் வேறு எவனும் இருக்க மாட்டான்.

மாதங்கள் போயின. வயிறு இறங்கியது. கியர் கைக்குப் பழகியது. மாமியிடம், வந்து சாப்பிடுகிறேன் என்று சொல்லவும் பழகிக்கொண்டேன். அவருக்கு முகம் வாடத்தான் செய்தது, ஆனால் உலகம் அழிந்துவிடவில்லை. எனது இரண்டாவது கோமாரிப் பயணத்துக்கு வெறும் பிளேன்டீயும் இரண்டு பேரீச்சம்பழமும் சாப்பிட்டுவிட்டு முதல் ஆளாய்ப் பள்ளிவாசலடியில் நின்றேன். இன்றைக்கு வரிசையின் நடுவில் போகிறேன், அவ்வளவுதான்.

கூட்டம் சேர்ந்தது. கெப்டன் என்னைப் பார்த்தார்.

"டேய், என்னடா முன்னால வந்து நிக்கிற? இது ஒங்கட உம்மாட வளவா? பின்னால போடா!"

ஒரு கணம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்த ஏச்சுக்காக எத்தனை காலம் காத்திருந்தேன். பிறகுதான் அவர் கை காட்டிய பக்கம் பார்த்தேன். விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காத புது ஹெல்மட்டோடு ஒருவர் நின்றார். கையில் மருதாணிச் சிவப்பு இன்னும் போகவில்லை. கியரை இரண்டு பக்கமும் திருகிக்கொண்டிருந்தார்.

"புது மாப்பிள. சம்மாந்துறையால வந்திரிக்கார். அவருக்குப் பின்னால நீ போ."

"இண்டைக்கா? வேற ஆக்கள் இல்லியா?" என்றேன். அதற்குள் கெப்டன் பெடலை மிதித்துவிட்டார். என் மச்சான் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுக் கெப்டனோடு போனார். மச்சான் முன்னால் ஓடுவதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். காரைதீவுச் சந்திக்குள் கெப்டனையே வெட்டிக்கொண்டு போய்விட்டார். அவரைவிட வேகமாக ஓடக்கூடிய ஒருவரும் அந்தக் கழகத்தில் இல்லை. இவ்வளவு காலமும் அந்தக் கால்களை அடக்கி வைத்துக்கொண்டு என் பின்சில்லைப் பார்த்தபடி வந்திருக்கிறார்.

அது புரிந்தது என்பதற்காக என் கோபம் குறையவில்லை. வரிசை தூரத்தில் சின்னதாகி மறைந்தது. எனக்கு முன்னால் புது மாப்பிள்ளை மாட்டுக்கு நின்றார், நெல்லுக்கு நின்றார், பஸ் ஹோர்ன் அடித்தால் இறங்கியே நின்றார். பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் போனேன். என் கால்கள் ஓடத் துடித்தன. அக்கரைப்பற்றுச் சந்திக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. நான் கனவு கண்ட வரிசை அதைக் கடந்து எவ்வளவோ நேரமாகியிருக்கும். கூட்டாளிமார், "என்ன மாப்பிள, இண்டைக்கு லொறி இல்லியா?" என்று கத்தினார்கள்.

சந்தி கழிந்ததும் புது மாப்பிள்ளை ஒரு மரத்தடியில் இறங்கினார். முகம் சிவந்து, மூச்சுக்கு வாய் பிளந்திருந்தது. தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் வெறுப்பு அப்படியே தெரிந்தது. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை.

"நீங்க போங்க, நான் வாறன்" என்றார்.

போயிருக்கலாம். தம்பிலுவிலுக்குள் வரிசையைப் பிடித்திருப்பேன், கோமாரிக்கு அவர்களோடு போய்ச் சேர்ந்திருப்பேன். கால் தரையிலிருந்து பெடலுக்கு ஏறியும் விட்டது. பிறகு அதை இறக்கினேன்.

"எனக்கும் ஏலா மச்சான்" என்றேன். "முழங்கால் நோவு."

அவர் என் முழங்காலைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவர் அதை நம்பவில்லை.