ஐந்தாவது படியில் எமன்

நீச்சல் தொட்டிக்கு ஏணி மாட்டுகிற வேலை சம்பந்தம் பேசுகிற வேலை மாதிரி. எல்லாரும் கைப்பிடியின் பளபளப்பைப் பார்ப்பார்கள், கால் எங்கே ஊன்றுகிறது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். அளவெடுத்துப் பிழைக்கிற தையல்காரர், தச்சர், கொத்தனார் எல்லாருக்கும் இந்தக் கஷ்டம் தெரிந்திருக்கும்.

நான் ராஜபாளையத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதிகம் பேச வராது, எண்ண வரும். கண் ஆபரேஷனுக்குப் பிறகு பட்டறைக்குப் போவதில்லை. அதற்கு முந்தைய ஆறு வருஷத்தில், மண்ணைத் தோண்டாமல் தரைக்கு மேலேயே நிறுத்துகிற நீச்சல் தொட்டிகளுக்கு இருபது ஏணி மாட்டியிருக்கிறேன். நாலடி உயரத்தில் வட்டமாகத் தகரச் சுவர், உள்ளே தடித்த நீல ஷீட், பக்கத்தில் அதே உயரத்துக்குப் பலகை மேடை. மேடையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கத்தான் ஏணி. பத்தொன்பது ஏணி மறந்தாலும் மறக்கலாம். இருபதாவது, வாசல்படி கொஞ்சம் உயரமானாலே சுவரைப் பிடிக்கிற ஒரு அம்மாவுக்கானது. அது மறக்காது.

மாமரத்துக்குப் போன தண்ணீர்

முதல் ஏணி மம்சாபுரம் பக்கம் ஒரு மாந்தோப்பில். மாம்பூ வாசனை எங்கே வந்தாலும் இன்றைக்கும் அந்த மேடைதான் கண்ணில் நிற்கிறது. உயரத்தை மூன்று தடவை அளந்தேன். படி நான்கு, போல்ட் எட்டு, எல்லாம் சரி. ஏணியின் கால் நுனிக்கு ரப்பர் மாட்டவேண்டும் என்பது மட்டும் தோன்றவில்லை. கிணற்றில் இறங்கும் ஏணி செய்து பழகியவனுக்குக் கல்தரைதான் நினைவில் இருந்தது.

மறுநாள் தோப்புக்காரர் ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால் தொட்டியில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். குழாயின் வெட்டு முனை ஷீட்டைக் கடித்து, இரண்டு ஓட்டை. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் கோபப்படவே இல்லை. ஈரமாகிக் கிடந்த தோப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, மரத்துக்குத் தண்ணி பாய்ச்ச ஆள் வேணும்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். ஒங்ககிட்டக் கேக்காமலே செஞ்சிட்டியளே."

கழற்றுகிற ஏணி

ஐந்தாவது ஏணியிலிருந்து ஒரு வசதி சேர்த்தேன். மேடையில் இரண்டு குழாய்க் குவளையை போல்ட் போட்டு இறுக்கிவிடுவேன். ஏணியின் கைப்பிடிக் குழாய் அதற்குள் இறங்கி உட்காரும். குளித்து முடித்ததும் தூக்கி எடுத்து உள்ளே பூட்டி வைத்துவிடலாம். பிள்ளைகள் தனியாக இறங்க முடியாது. "வேலை முடிஞ்சா உடனே எடுத்திரணும்" என்று எல்லாரிடமும் கண்டிப்பாகச் சொல்வேன்.

ராஜபாளையத்தில் ஒரு வீட்டு மாப்பிள்ளை, மரியாதையான பையன், நான் சொன்னதை அப்படியே கேட்டுக்கொண்டான். நான் கருவிகளை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது பிள்ளைகளைக் கரையேற்றினான், ஏணியைத் தூக்கினான், அறையில் வைத்துப் பூட்டினான், சாவியோடு கடைக்குக் கிளம்பினான். அப்போதுதான் தொட்டியின் அந்தக் கோடியிலிருந்து அவன் மாமனாரின் குரல் வந்தது: "ஏலே மாப்பிள, பொண்ணத்தான் குடுத்துட்டேன்ல, என்னையாவது கரையேத்திட்டுப் போலே!"

எட்டு அங்குலம்

இருபதாவது ஏணி ஸ்ரீவில்லிபுத்தூரில், பால்கோவாக் கடைக்காரர் ஒருவர் வீட்டுப் பின்கட்டில். அவர் சம்சாரம் ஓய்வுபெற்ற டீச்சர். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. தினமும் தண்ணீருக்குள் நடந்து பாருங்கள், ஆறு மாதத்தில் சரிவராவிட்டால் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டீச்சரம்மாவுக்குக் கத்தி என்றாலே நடுக்கம். அதனால்தான் தொட்டி. தொட்டி வந்துவிட்டது, மேடைக்கு ஏறச் சரிவுப் பலகையும் போட்டாயிற்று, தண்ணீருக்குள் இறங்கி ஏற வழி இல்லை.

படிக்குப் படி எத்தனை அங்குலம் வைக்கலாம் என்று தெரியவேண்டும். ஒரு அம்மாவிடம் காலைத் தூக்குங்கள் என்று எப்படிச் சொல்வது? பட்டறையிலிருந்து ஓர் அங்குலப் பலகை பத்துத் துண்டு கொண்டுபோனேன். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, காலைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் ஏறி ஏறி இறங்கினார். எட்டுத் துண்டுவரை ஏறிவிட்டார். ஒன்பதாவது வைத்ததும் மூச்சை இழுத்துக்கொண்டு சுவரைப் பிடித்தார். எட்டு என்று குறித்துக்கொண்டேன். குனிந்து பலகையை எண்ணிப் பார்த்த டீச்சரம்மா சொன்னார்: "முப்பத்தாறு வருசம் பிள்ளைகளுக்கு நான்தான் பரீட்சை வச்சேன். எனக்கு நீங்க வச்சிட்டியளே அண்ணாச்சி. எட்டுக்குப் பாஸா?"

எண்ணிக்கை

நாலடிக்கு எட்டு அங்குலம் வீதம் என்றால் ஆறு இறக்கம், நடுவே ஐந்து படி வரும். வழக்கமாக நான் வைப்பது நான்கு. எங்கள் பக்கம் படி என்றாலே இந்திரன், எமன், ராஜா என்று எண்ணித்தான் கட்டுவார்கள்; கடைசிப் படி எமனில் முடியக்கூடாது. நான்கு படி இந்திரனில் முடியும். பத்தொன்பது வீட்டிலும் எண்ணிப் பார்த்தார்கள், யாரும் மறுக்கவில்லை. இருபதாவதைக் கொண்டுபோய் இறக்கியதும், கடைக்காரர் ஐந்தாவது படியில் வைத்த விரலை எடுக்கவே இல்லை. "எமன்ல முடியுது. நாலாக்கிருங்க."

நான்கு என்றால் இறக்கம் ஐந்து, ஒவ்வொன்றும் ஒன்பதரை அங்குலத்துக்கு மேல். டீச்சரம்மா ஒன்பதுக்கே சுவரைப் பிடித்தவர். ஏணியை மாட்டி, தண்ணீர் விடாத தொட்டிக்குள் சத்தமாக எண்ணிக்கொண்டே இறங்கினேன். இந்திரன், எமன், ராஜா, இந்திரன், எமன். அடுத்த காலைத் தொட்டியின் தரையில் ஊன்றி, "ராஜா" என்றேன். கடைக்காரர் சந்தேகமாகப் பார்த்தார். "தரையைப் போயி படியோட சேத்து எண்ணுவாகளா?" மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த டீச்சரம்மா முந்திக்கொண்டார்: "ஏங்க, கால் படுத எடத்தத்தான எண்ணணும்? தரையில கால் படாம நான் என்ன அந்தரத்துலயா நடக்கப் போறேன்?"

முதல் நாள்

தண்ணீர் நிரம்பியது. குவளை இரண்டு, போல்ட் எட்டு, ரப்பர் இரண்டு, எல்லாவற்றையும் மறுபடி தொட்டுப் பார்த்தேன். டீச்சரம்மா கைப்பிடியைப் பிடித்துத் திரும்பி நின்று, பின்பக்கமாக இறங்கினார். கடைக்காரர் மெதுவாக எண்ணினார். நான்காவது படிக்குப் பிறகு அவர் குரல் நின்றுவிட்டது. கால் தரையைத் தொட்டதும்தான் "ராஜா" என்று மூச்சு விட்டார்.

உள்ளே பன்னிரண்டு சுற்று நடந்தார். நான் எண்ணினேன். ஏறுவதுதான் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் தாங்குவதை விட்டுவிட்டு உடம்பு தன் எடைக்குத் திரும்புகிற இடம் அது. அடியில் இருந்த அந்த ஐந்தாவது படியில் இரண்டு காலையும் வைத்தவர் அப்படியே நின்றார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் போல்ட்டைப் பார்த்தேன். பிறகு ஒவ்வொன்றாக ஐந்து படியும் ஏறி மேடைக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, துண்டை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் சொன்னார்: "எமன் எமன்னு பயந்தியளே, அவன் மேல நின்னுதான் செத்த நேரம் மூச்சு வாங்கினேன். நல்லாத் தாங்குதான்."

தரையையும் சேர்த்து எண்ணவேண்டும் என்று நானே சொல்லிவிட்டபடியால், அதற்கு முன் நான் நான்கு படி வைத்து மாட்டிய பத்தொன்பது ஏணியும் எமனில்தான் முடிகின்றன, பத்தொன்பது வீட்டாரும் இன்றுவரை சுகமாகக் குளித்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.