கோபுரத்துக்கு வெள்ளை அடித்த கதை

மனோர் பார்க் பக்கம் பஸ்ஸில் போகும்போது நான் இப்போதெல்லாம் இடதுபக்கச் சன்னலில் உட்காருவதில்லை. அந்தப் பக்கம் பழைய தீயணைப்பு நிலையம் இருக்கிறது. சுற்றிவரப் பலகை அடைத்து, வரப்போகிற அடுக்குமாடியின் படத்தைப் பெரிதாக ஒட்டியிருக்கிறார்கள். படத்தில் சிரித்த முகத்தோடு இரண்டு பேர் நாயைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். பின்னால் நிற்கவேண்டிய கோபுரம் மட்டும் இல்லை. அதைக் கண்டால் எனக்கு விசர் வரும்.

நிலையத்தை மூடி எவ்வளவோ காலம். அதன் மண்டபத்தை உள்ளூர்க் கவுன்சில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு வாடகைக்குத் தந்திருந்தது. நான் அங்கே பெரிய வகுப்புக்கு ஆசிரியை. நான் தமிழில் கேட்பேன், அந்தப் பதினாறு வயதுகள் ஆங்கிலத்தில் பதில் சொல்லும். இப்படியே மணி அடித்துவிடும். மண்டபத்துக்குப் பின்னால் நின்றதுதான் காவற்கோபுரம். தொலைபேசி இல்லாத காலத்தில் தீயணைப்புக்காரர் அதன் உச்சி அறையில் நின்று, நான்கு பக்கச் சன்னலாலும் எங்கே புகை கிளம்புகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்களாம்.

இடத்தை விற்கப்போகிறோம் என்று கவுன்சில் சொன்னதும் எங்கள் பள்ளிக்கூடக் கமிட்டி வேறு மண்டபம் தேடத் தொடங்கியது. என் வகுப்புப் பிள்ளைகள்தான் விடவில்லை. கோபுரம் பழையது, அதைப் பாதுகாக்கவேண்டிய கட்டிடங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டால் எவனும் இடிக்க ஏலாது, பள்ளிக்கூடமும் தப்பும் என்றார்கள். குளிர்காலம் முழுவதும் புறா எச்சத்தை அள்ளினார்கள், அளந்தார்கள், அயல்வீடுகளில் கதவு தட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். அப்போதுதான் என் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண்பிள்ளை, உச்சி அறையின் சன்னல்களுக்குக் கீழே செங்கல்லில் கீறியிருந்தவற்றைக் கண்டுபிடித்தாள். காவல் நின்றவர்களின் பெயரெழுத்துகள். புகை கண்ட திசைக்குச் சின்னச் சின்ன அம்புக்குறிகள். ஆற்றுப் பக்கச் சன்னலின் கீழேதான் அம்புகள் அதிகம். அவள் அவற்றை விரலால் தடவித் தடவியே பாடமாக்கி வைத்திருந்தாள்.

படங்களைப் பட்டியல் அலுவலகத்துக்கு அனுப்பினோம். கோபுரங்கள் வேறு இடங்களிலும் இருக்கின்றன, இந்தக் கீறல்கள் வேறெங்கும் கண்டதில்லை, ஒரு சனிக்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன் என்று அங்கிருந்து ஒரு பெண் அதிகாரி எழுதினார். பிள்ளைகள் துள்ளினார்கள். மண்டபத்தில் திரை கட்டிப் பெற்றோருக்கு எல்லாவற்றையும் விளக்கினார்கள், வழக்கம்போல ஆங்கிலத்தில். பெரியவர்கள் கைதட்டினார்கள். கமிட்டித் தலைவர் அண்ணை அந்த நேரம் முழுக்கக் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றார்.

கமிட்டிக் கூட்டத்தில் கோபுரத்தைப் பற்றிக் கதைத்தது கொஞ்ச நேரம்தான். அதிகாரிக்குப் பொன்னாடை யார் போர்த்துவது என்பதில் மிச்ச நேரம் முழுவதும் போயிற்று. நான் எழும்பி, "அவா கல்யாணத்துக்கு வரேல்லை, சுவர் பார்க்க வாறா" என்றேன். தலைவர் அண்ணை சிரித்தார். "டீச்சருக்கு எப்பவும் மூக்கு நுனியிலதான் கோவம்" என்றார். எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அதிகாரி வருவதற்கு முந்தின ஞாயிறு நான் வெஸ்ட் ஈலிங்கில் கோயில் தேருக்குப் போயிருந்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவில்லை, போன் அடித்தது. தலைவர் அண்ணை.

"டீச்சர், கோபுரத்தைப் போய்ப் பாருங்கோ. அடையாளமே தெரியாது! கமிட்டி ஆக்கள் எல்லாரும் சேர்ந்து சிரமதானம் செய்திட்டம்."

ஊரில் கோயில் வீதி கூட்டவும் பள்ளிக்கூடக் கிணறு இறைக்கவும் கூலியில்லாமல் எல்லாரும் இறங்குவோமே, அந்தச் சிரமதானம்.

"என்ன செய்தனீங்கள் அண்ணை?"

"உள்பக்கம் முழுக்க வெள்ளை. இரண்டு பூச்சு. வெளிச்சுவருக்கு அடிக்கிற திறம் பெயின்ட், நாங்கள் செத்தாலும் போகாது. வெள்ளைக்காரி வந்து பார்க்கேக்கை கறுத்த சுவரையே காட்டுறது? எங்கட ஆக்கள் வைச்சிருக்கிற இலட்சணம் இதுதான் எண்டெல்லோ நினைப்பா."

டக்கென்று போனை வைத்துவிட்டேன். வாயைத் திறந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று எனக்கே தெரியாது. மனுசனுக்கு முழங்கால் வருத்தம். மண்டபத்துப் படியே ஏற மாட்டார். அந்த இரும்புப் படிகளில் வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார், இந்த நாசவேலைக்கு!

மறுநாள் போய்ப் பார்த்தேன். அறை முழுக்கப் பெயின்ட் மணம். நான்கு சுவரும் ஆஸ்பத்திரி மாதிரி. ஐயோ கடவுளே என்று படியில் இருந்துவிட்டேன். பிள்ளைகளுக்குச் சொன்னபோது, அதிகாரிக்கு ஏதாவது வழி தெரிந்திருக்கும், அங்கிளோடு சண்டை பிடிக்கவேண்டாம் என்றார்கள். அவர்களுக்காக அந்தக் கிழமை முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை அதிகாரி வந்தார். கோபுரத்து உச்சியில் நின்று வெள்ளைச் சுவர்களைச் சுற்றிப் பார்த்தார். பிறகு மெதுவாக, கீறல்கள் எங்கே என்று கேட்டார். பெண்பிள்ளை சன்னலடியில் குந்தி, சுவரில் கையை வைத்துத் தேடினாள். தடவித் தடவிப் பார்த்தாள். அவளுக்கே பிடிபடவில்லை. பெயின்டை உரித்தால் வருமா என்று கேட்டேன். செங்கல் சரியான மெது, உரித்தால் அதன் மேற்பரப்பும் சேர்ந்து கழன்று வந்துவிடும் என்றார். படத்தை வைத்து ஒன்றும் செய்ய ஏலாதாம், சுவரில் இருக்கவேண்டுமாம். வருந்துகிறேன் என்று இரண்டு தரம் சொன்னார். அந்த மனுசியில் பிழை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அதுவும் ஒரு எரிச்சல்தான்.

அவரைப் பின்வாசலால் அனுப்பிவிட்டு நானும் பிள்ளைகளும் திரும்பினோம். கீழே தலைவர் அண்ணை தட்டத்தில் வடையும் மடித்த பொன்னாடையுமாக நின்றார். தலைமயிரில் இன்னும் வெள்ளைத் துளிகள் இருந்தன.

"என்னவாம்? பிடிச்சதாமோ?"

இனி என்ன இருக்கிறது, கேட்கவேண்டியதெல்லாவற்றையும் கேட்டுவிடுகிறேன் என்று நான் மூச்சை இழுத்தேன். அதற்குள் அந்தப் பெண்பிள்ளை முன்னால் போனாள்.

"ஓம் அங்கிள். நல்ல வடிவா இருக்கெண்டு சொன்னவா."

எத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தி, பெரியவர்களுக்குத் தமிழில் மரியாதையாகப் பதில் சொல்லப் பழக்கினேன்! ஒரு பிழையில்லாமல் அன்றைக்குத்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. சந்தோசத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

தலைவர் அண்ணையின் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களே டீச்சர், நான் சொன்னனானெல்லே! அப்ப வாற ஞாயிறு வெளிப்பக்கமும் அடிச்சு விடுவம்."

பெண்பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தாள். இதற்கு மேல் அவளிடம் தமிழ் இருக்கவில்லை. நான்தான் சொன்னேன். அந்தக் கீறல்கள் யாருடையவை என்று, அவை இருந்தபடியால்தான் கோபுரம் தப்பியிருக்கும் என்று, இனிப் பட்டியலும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை என்று, ஒன்றையும் விடாமல் சொன்னேன். என் குரல் தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

அவர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்தார்.

"நான் அது இவையள் கீறினதாக்கும் எண்டெல்லோ நினைச்சன்" என்றார். "வெள்ளைக்காரி கண்டால் பிள்ளையளைப் பேசுவா. அதுதான் அந்த இடத்துக்கு மட்டும் மூன்றாவது பூச்சும் போட்டனான்."

தட்டம் சரியத் தொடங்கியது. பெண்பிள்ளை அதைக் கையில் வாங்கிக்கொண்டாள்.