இடுப்பில் மூன்று குப்பி

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். அங்கே எல்லோரும் அவளைக் குளோரின் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட எட்டு வயது மூத்த தலைமை இன்ஜினியரும் அக்கா என்றே சொன்னதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

தெருத் தெருவாகப் போய்க் குழாயில் தண்ணீர் பிடித்துவருவது அவள் வேலை. சும்மா பிடித்துவிட மாட்டாள். குழாயின் வாயை ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பாள், சின்னத் தீயைக் காட்டிச் சுடுவாள், இரண்டு நிமிஷம் தண்ணீரை ஓடவிடுவாள். அதற்குப் பிறகுதான் பாட்டில் திறக்கும். திறந்த மூடியைக் கீழே வைக்காமல் சுண்டு விரலுக்குள் இடுக்கிக்கொள்வாள். ஆறு மணி நேரத்துக்குள் ஐஸ் பெட்டியோடு கூடத்துக்கு வந்துவிட வேண்டும். வழியில் யாராவது நிறுத்திக் குசலம் விசாரித்தால் பதில் சொல்லிக்கொண்டே நடப்பாள்.

இந்தப் பழக்கம் வேலையோடு நிற்கவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும், கொடுத்த டம்ளரை முதலில் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பாள். அவளை அறியாமலே கை தூக்கிவிடும். கொடுத்தவர் முகம் சுருங்குவதை அவள் கவனித்ததே இல்லை, கண் டம்ளரில் இருக்குமே.

அப்படிச் சுருங்கிய முகங்களில் ஒன்று நாத்தனாருடையது. கல்யாணமாகி முதல் தடவை புகுந்த வீட்டுக்கு வந்தபோது, கணவனின் தங்கை ஆசையாய்க் கொண்டுவந்து நீட்டிய தண்ணீரையும் இவள் இப்படித்தான் தூக்கிப் பார்த்தாள். அன்றைக்குக் காலேஜ் பெண்ணாக இருந்த நாத்தனார் இப்போது பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். இருபது வருஷமாக இருவருக்கும் நடுவே, “சாப்பிட்டீங்களா அண்ணி”, “ஆச்சும்மா, நீ” என்பதற்கு மேல் பேச்சு வளர்ந்ததில்லை. சண்டை கிடையாது. சண்டை போடும் அளவுக்குப் பழகவே இல்லை.

விளையாட்டு டீச்சர் ஒவ்வொரு விடுமுறைக்கும் முதுகில் பையை மாட்டிக்கொண்டு மலை ஏறிவிடுவாள். கூடவே அதே பள்ளியின் கணக்கு டீச்சரும் போவாள். இந்த வருஷம் அவள் அண்ணனும் வருகிறேன் என்றார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர். நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து லென்ஸ் தேய்த்ததில் தொப்பை மேஜையைத் தொட ஆரம்பித்திருந்தது. நடக்காவிட்டால் ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அஞ்சு நாள் நடை. வழியில் கடை கிடையாது, குழாய் கிடையாது, ஓடைத் தண்ணீர்தான் என்று கேட்டதும் குளோரின் அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது. மலையில் அவளுக்கு எந்த ஆசையும் இல்லை. கணவனின் வயிற்றைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான். நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

அவள் பையில் துணிமணி கொஞ்சம்தான். நாலாய் மடித்த வெள்ளைத் துணி, குளோரின் மாத்திரை இரண்டு அட்டை, உள்ளங்கை அகல கேஸ் அடுப்பு, ஒரு பாத்திரம். இவற்றோடு, மேலதிகாரியிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்கி எடுத்துவந்த மூன்று சோதனைக் குப்பிகள். கட்டைவிரல் உயரம் இருக்கும். அதில் தண்ணீர் ஊற்றி மூடி ஒரு நாளோ இரண்டு நாளோ வெதுவெதுப்பாக வைத்திருந்தால் போதும், கெட்ட தண்ணீர் என்றால் மை போலக் கறுத்துவிடும். பையைத் தூக்கிப் பார்த்த நாத்தனார், கூடத்தையே பெயர்த்து எடுத்து வந்துவிட்டீர்களா என்று கேட்கவில்லை. கேட்க நினைத்தது முகத்தில் தெரிந்தது.

முதல் நாள் மத்தியானம் ஓடை வந்தது. அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. விளையாட்டு டீச்சர் பையிலிருந்து ஒரு சாண் நீளக் குழாய் ஒன்றை எடுத்தாள். அது அவளுடைய ஃபில்டர். உள்ளே முடி கனத்தில் நூற்றுக்கணக்கான நுண்குழல்கள். ஒரு பக்கம் பையில் ஓடைத் தண்ணீரை நிரப்பிப் பிழிந்தால், கிருமியைப் பிடித்து வைத்துக்கொண்டு மறுபக்கம் நல்ல தண்ணீரை விடும். பிழிந்தாள், குடித்தாள், வாயைத் துடைத்துக்கொண்டாள். ஒரு நிமிஷம் ஆகவில்லை.

குளோரின் அக்கா பாட்டிலை ஓடையில் அமுக்கி முக்கி நிரப்பினாள். அந்தத் தண்ணீரைத் துணியில் வடிகட்டித் திரும்ப ஊற்றி, மாத்திரையைப் போட்டு மூடி, கடிகாரத்தைப் பார்த்தாள். சாதாரணமாக அரை மணி போதும், தண்ணீர் இப்படி ஜில்லென்று இருந்தால் மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆகவே ஒரு மணி நேரம் என்று அறிவித்தாள். கண்ணாடிக்கடைக்காரர் சுற்றிலும் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் நாக்கு மட்டும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில், காலாறிவிட்டு வருகிறேன் என்று மரத்துக்குப் பின்னால் போனார், தங்கையும் தற்செயலாக அதே பக்கம் போனாள். திரும்பி வந்தவரின் மீசையில் ஈரம் சொட்டியது. மனைவி அதைப் பார்த்துவிட்டாள். உள்ளுக்குள் அந்த ஃபில்டர் நல்ல சாமான்தான் என்று அவளுக்குத் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் மனம் வரவில்லை.

அன்று இரவு நல்ல குளிர். காலையில் எழுந்து பார்த்தால் பாத்திரத்தில் மிச்சமிருந்த தண்ணீர் கண்ணாடித் தட்டாக உறைந்திருந்தது. கூடாரத்துக் கயிற்றில் தொங்கவிட்டிருந்த ஃபில்டரை அக்கா எடுத்துக் குலுக்கினாள். உள்ளே பனிக்கட்டி கடகடத்தது. இதை இனிமேல் நம்பக் கூடாது என்றாள். உள்ளே இருந்த தண்ணீர் உறைந்து உப்பியதில் நுண்குழல்கள் வெடித்திருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது என்றாள்.

நாத்தனார் வெயிலில் வைத்துப் பனியை உருக்கி, ஓடைத் தண்ணீரை நிரப்பிப் பிழிந்து காட்டினாள்.

“நல்லாத்தான் வேலை செய்யுது அண்ணி. பாருங்க, நேத்தைவிட வேகமா வருது.”

“அந்த வேகம்தாம்மா எனக்குப் பயமா இருக்கு” என்றாள் அக்கா.

விளையாட்டு டீச்சருக்கு மூக்கு விடைத்தது. இது பதினொரு மலை ஏறிய ஃபில்டர், இதுவரை யார் வயிறும் கெட்டதில்லை என்றாள். அப்படியானால் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று அக்கா குப்பிகளை எடுத்தாள். ஒன்றில் ஓடைத் தண்ணீர் அப்படியே. இரண்டாவதில் ஃபில்டர் தண்ணீர். மூன்றாவதில் தன் பாட்டிலில் மாத்திரை போட்டு வைத்த தண்ணீர். தன் தண்ணீரைச் சோதிக்க வேண்டிய தேவையே இல்லை, ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே என்று ஊற்றிக்கொண்டாள். எது எந்தத் தண்ணீர் என்று எழுதி மூன்றிலும் சீட்டு ஒட்டினாள்.

வெதுவெதுப்புக்கு எங்கே போவது? கூடத்தில் அதற்கென்று பெட்டி இருக்கிறது. இங்கே இருந்த ஒரே சூடு அவள் உடம்புதான். மூன்று குப்பிகளையும் துணியில் சுருட்டி, கம்பளிச் சட்டைக்குள் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். குனியக் கூடாது, வேகமாக நடக்கக் கூடாது, உருண்டு படுக்கக் கூடாது. மேட்டில் மூச்சு வாங்க நின்றபோதெல்லாம் கை இடுப்புக்குப் போனது.

“எத்தனை நாள்ல குஞ்சு பொரிக்கும்?” என்று கணக்கு டீச்சர் கேட்டாள்.

அன்று முழுக்க விளையாட்டு டீச்சர் வேண்டுமென்றே ஃபில்டர் தண்ணீரை மட்டும் குடித்தாள், அதுவும் அண்ணி பார்க்கும்படியாக. கண்ணாடிக்கடைக்காரர் மனைவி பக்கம் சாய்ந்துவிட்டார். கணக்கு டீச்சர் இரண்டு பக்கத்தையும் யோசித்துப் பார்த்துவிட்டு, கொதித்ததைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று டீக்கு மாறினாள். ஒரே நாளில் ஒன்பது டீ.

மூன்றாம் நாள் மத்தியானத்துக்கு மேல் விளையாட்டு டீச்சருக்குத் திடீரென்று பறவைகள் மேல் ஆர்வம் வந்தது. அந்தப் பாறைக்குப் பின்னால் ஏதோ நீல வால் தெரிகிறது என்று போவாள். பத்து நிமிஷம் கழித்து வருவாள். கொஞ்ச தூரம் நடந்ததும் இன்னொரு பறவை. சாயங்காலத்துக்குள் நான்கு பறவைகள் ஆகிவிட்டன. சின்ன வயதில் இவளுக்குக் காக்காவுக்கும் குயிலுக்கும் வித்தியாசம் தெரியாது என்று அண்ணன் ஆச்சரியப்பட்டார். குளோரின் அக்கா இடுப்புக் குப்பிகளின் கவலையிலேயே இருந்ததால் எதையும் யோசிக்கவில்லை.

நாலாம் நாள் விடிந்ததும் கூடாரத்துக்குள்ளேயே துணியை அவிழ்த்தாள். ஓடைத் தண்ணீர்க் குப்பி கறுத்திருந்தது. ஃபில்டர் குப்பியும் கறுத்திருந்தது. ‘நான் சொன்னேனே’ என்ற சந்தோஷத்தோடு மூன்றாவதை எடுத்தாள். அதுவும் கறுப்பு.

சீட்டு மாறியிருக்குமோ என்று பார்த்தாள். மாறவில்லை. அவளுடைய கையெழுத்து, அவளுடைய தண்ணீர்.

கம்பளிக்குள் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக யோசித்தாள். வடிகட்டியது சரி. மாத்திரை காலாவதி ஆகவில்லை. ஒரு மணி நேரம் காத்திருந்தது சரி. பிறகு பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். மூடி திருகும் மரையில், பள்ளம் பள்ளமாக, மெல்லிய பழுப்பு வண்டல் படிந்திருந்தது. ஓடையில் முக்கியபோது ஏறிய அழுக்கு. மாத்திரை உள்ளே இருந்த தண்ணீரைச் சுத்தம் செய்ததே தவிர, மருந்து மரையைத் தொடவே இல்லை. மூடியைக் கொஞ்சம் தளர்த்திப் பாட்டிலைக் கவிழ்த்து, மருந்துத் தண்ணீர் மரையில் கசியும்படி விட்டிருக்க வேண்டும். ஊரில் உள்ள குழாய்களின் வாயை எல்லாம் இருபத்தாறு வருஷமாகச் சுட்டவள், தன் பாட்டிலின் வாயை மறந்துவிட்டாள்.

பக்கத்தில் கணவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். வெளியே இன்னும் பேச்சுச் சத்தம் இல்லை. அந்த ஒரு குப்பியை மட்டும் புதரில் கொட்டிவிட்டு, வழியில் உடைந்துவிட்டது என்று சொன்னால் முடிந்தது. அப்படி ஒரு யோசனை வந்தது உண்மை. கொஞ்ச நேரம் அது உட்கார்ந்தும் இருந்தது. ஆனால் கறுத்த முடிவை வெளுப்பாக எழுதிக் கொடுத்து அவள் கைக்குப் பழக்கமில்லை. மூன்றையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

நாத்தனார் ஏற்கெனவே எழுந்து ஒரு பாறைமேல் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறிக் கண்ணுக்கடியில் கருவளையம் போட்டிருந்தது. அக்கா மூன்று குப்பிகளையும் அவள் பக்கத்தில் வரிசையாக வைத்தாள்.

நாத்தனார் சீட்டுகளைப் படித்தாள். “உங்களுதுமா அண்ணி?”

“என்னுதும்தான். பாட்டில் வாயைக் கழுவாம விட்டுட்டேன். தப்பு என்மேலதான்.”

கேலி வரும் என்று அக்கா காத்திருந்தாள். நாத்தனார் மூன்று குப்பிகளையும் ஒன்றாகச் சேர்த்து வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

“அண்ணி, நேத்து நான் ஒரு பறவையும் பார்க்கல.”

அக்காவுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும், ராத்திரி எத்தனை தடவை என்று மட்டும் கேட்டாள். ஆறு என்றாள் நாத்தனார். உங்களிடம் சொன்னால் ஃபில்டர் போனதை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன் என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது, சிரித்ததில் வயிறு பிடித்துக்கொண்டது, அதற்கும் சேர்த்துச் சிரித்தாள். அக்காவும் சேர்ந்துகொண்டாள். சத்தம் கேட்டு எழுந்துவந்த அண்ணன், இந்த இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பதைத் தன் வாழ்நாளில் முதல் தடவையாகப் பார்த்துக் கொஞ்சம் பயந்துபோனார்.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. அக்கா தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்தாள். மலை உயரத்தில் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் சூடு குறைவு என்று மூன்று நிமிஷம் கூடவே விட்டாள். ஆறவைத்து உப்பும் சர்க்கரையும் கலந்து நாத்தனாருக்கு வாய் வாயாகக் கொடுத்தாள். மிச்சமிருக்கும் கேஸில் எத்தனை லிட்டர் கொதிக்கும் என்று கணக்கு டீச்சர் பென்சிலால் போட்டுப் பார்த்து, ஆறே கால் என்றாள். அது நோயாளிக்கு, மற்றவர்களுக்கு மாத்திரை, இந்தத் தடவை மரையிலும் மருந்து கசியவிட்டு, இனிமேல் டீ கிடையாது என்று முடிவானது. கணக்கு டீச்சர் தன் கணக்கையே இரண்டு முறை சரிபார்த்தாள். மேலே உச்சிக்குப் போகும் பாதையை விட்டுவிட்டு, குறுக்கு வழியில் இறங்கிவிடுவது என்றும் பேசிக்கொண்டார்கள்.

நாத்தனாரின் பையை அண்ணன் முன்பக்கமாக மாட்டிக்கொண்டார். இரண்டு பைக்கு நடுவே தொப்பை காணாமல்போனது. வழிநடத்த வேண்டிய ஆளுக்கு நடக்கவே தெம்பில்லாததால், அவள் தன் விசிலைக் கழற்றி அண்ணியின் கழுத்தில் மாட்டினாள். அக்கா விசிலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டுத்தான் வாயில் வைத்தாள். நாத்தனார் அதைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்: “அண்ணி, முதல் முதல்ல வீட்டுக்கு வந்தன்னைக்கு நான் குடுத்த டம்ளரைத் தூக்கிப் பார்த்தீங்களே. அதுல என்ன இருந்துச்சு?”

அக்காவுக்கு அப்படி ஒன்று நடந்ததே ஞாபகம் இல்லை. நின்று யோசித்தாள். அவள் பொய் சொல்லத் தெரியாதவள் என்பது காலையில்தான் தெரிந்திருந்ததால், நாத்தனார் பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருந்தாள்.

“ஞாபகம் இல்லம்மா. ஏதாவது இருந்திருந்தா இன்னிக்கும் மறந்திருக்க மாட்டேன். அப்ப நல்ல தண்ணிதான்.”

ஐந்தாம் நாள் மத்தியானம் இறங்கி நேரே டாக்டரிடம் போனார்கள். ஒரு வாரம் மருந்து, கஞ்சி என்று ஓடியது. நாத்தனார் தேறிவிட்டாள். மனைவியோடு சேர்ந்து அந்தப் பாட்டில் தண்ணீரையே இரண்டு நாள் குடித்த கண்ணாடிக்கடைக்காரருக்கும் ஏனோ ஒன்றுமே ஆகவில்லை. ஒரு மாதத்துக்கு அதைப் பெருமையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அது வெறும் அதிர்ஷ்டம் என்று மனைவி ஒவ்வொரு தடவையும் திருத்தினாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் நாத்தனார் போன் செய்கிறாள். அடுத்த வருஷம் ஒரு ஏரிக்கரையோரமாக நடக்கலாம் என்று பேச்சு. ஏரியில் பாசி எப்படி, மேலே ஆடு மாடு மேய்கிறதா, தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்து விழுகிறது என்று அக்கா கேள்விமேல் கேள்வி கேட்கிறாள். நாத்தனார் படம் எடுத்து அனுப்புகிறாள். போன வாரம் இந்தப் பேச்சு இரண்டரை மணி நேரம் நீண்டது. கண்ணாடிக்கடைக்காரர் பசி தாங்காமல் தானே அரிசி களைந்து உலை வைத்துவிட்டார். தண்ணீர் அளவு தெரியாமல் சோறு குழைந்துபோனது. அக்கா போனைக் காதில் வைத்தபடியே அதைச் சாப்பிட்டாள்.