வெளிக்கிட்டிட்டியோ பிள்ளை

திண்டுக்கல் நாகல் நகரில் என் வீட்டு பீரோவுக்கு மேலே ஒரு பழுப்பு நிற சூட்கேஸ் இருக்கிறது. ஒரு பக்கப் பூட்டு வேலை செய்யாது. அதற்காகச் சுற்றிலும் நைலான் கயிறு கட்டியிருக்கிறது. பூட்டுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு இந்த ஒரு பூட்டைச் சரிபண்ணத் துப்பில்லையா என்று என் கணவர் கேலி செய்வார். அம்மாதான் விட்டதில்லை. பெட்டியைக் கடையில் கொடுத்திருக்கிற நாள் பார்த்து ஊருக்குப் புறப்பட வேண்டி வந்துவிட்டால் என்ன செய்வது என்பது அவளுடைய பயம். அந்த நாள் வருவதற்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று.

ஊர் என்றால் யாழ்ப்பாணப் பக்கம் ஒரு கிராமம். சண்டைக்குப் பயந்து, நான் பிறப்பதற்கு முன்பே அப்பாவோடு படகேறி வந்தவள் அம்மா. நான் பிறந்தது இங்கே, திண்டுக்கல்லுக்கு வெளியே இருந்த அகதிகள் முகாமில். எனக்கு இரண்டு வயதாகும்போதே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அதன்பிறகு அம்மா வெங்காயப் பேட்டையில் வெங்காயம் தரம் பிரித்து என்னை வளர்த்தாள். பள்ளிக்கூடத்துக்கு என்னைப் பார்க்க வந்தாலும் வெங்காய வாசம் அவளுக்கு முன்னால் வந்துவிடும். அது எனக்கு வெட்கமாக இருந்ததில்லை. வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு அதே வாசம்தான். எனக்கு வெட்கமாக இருந்தது அவள் பேச்சு.

பெட்டிக்குள் எங்கள் இருவருக்கும் ஒவ்வொரு செட் புதுத்துணி எப்போதும் தயாராக இருக்கும். நான் வளர்கிறவள் என்பதால் என்னுடையதை மட்டும் வருடாவருடம் மாற்றவேண்டும். தீபாவளிக்கு எடுக்கிற ஒரே பாவாடை சட்டை நேராகப் பெட்டிக்குள் போகும். போன தீபாவளித் துணி, ஒரு வருடம் பாச்சா உருண்டை வாசத்தில் கிடந்து, ஒரு பிடி குட்டையாகிப்போன பிறகு என் உடம்புக்கு வரும். நான் அழுது ஆகாத்தியம் பண்ணினால், "அது ஊருக்கு வெளிக்கிடேக்கை போடலாம் பிள்ளை" என்பாள். பக்கத்து வீட்டில் முருங்கைப் போத்து ஊன்றியதைப் பார்த்து நானும் ஒன்று வாங்கி வந்தேன். "நாங்கள் இஞ்சை இருக்கப்போறேல்லை, மரம் என்னத்துக்கு?" என்று அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டாள். நான் நன்றாகப் படித்து, அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே கிடையாது. எனக்கோ அந்த ஊர் ஒரு பேர், அவ்வளவுதான். நான் சிரித்ததும் சண்டை போட்டதும் சிறுமலை வாழைப்பழத்துக்கு ஆசைப்பட்டதும் எல்லாம் இங்கேதான்.

வெளிக்கிடுவது என்றால் அவள் ஊர்ப் பேச்சில் உடுத்தித் தயாராவது, புறப்படுவது. காலையில் நான் கண் விழிப்பதே அந்த வார்த்தையில்தான். எங்கள் பக்கம் வெளிக்குப் போவது என்றால் என்னவென்று யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. செம்பை எடுத்துக்கொண்டு கருவேலங்காட்டுப் பக்கம் ஒதுங்குவது.

ஏழாம் வகுப்பில் பேச்சுப்போட்டிக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அழைத்துப்போகும் வேன் முகாம் வாசலுக்கே வந்தது. உள்ளே ஒரு சாரும் ஏழெட்டுப் பிள்ளைகளும். குழாயடியில் குடத்தோடு நின்ற அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தெருவே கேட்கிற மாதிரி, "பிள்ளை, வெளிக்கிட்டிட்டியோ? வான் வந்திட்டுது, கெதியா வெளிக்கிடு" என்று கூப்பிட்டாள். நான் ஓடி வருவதற்குள் வேனிலிருந்து ஒரு பையன், "செத்த நேரம் பொறுங்க சார், அவ வெளிக்குப் போயிருக்காளாம்" என்றான். சார் உட்படச் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மேடையில் பாதியிலேயே பேச்சு மறந்து இறங்கினேன். அந்த வருடம் முழுக்கப் பள்ளியில் என் பேர் வெளிக்கி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாமியாடினேன். "நீ பேசறது தமிழே இல்ல. இங்க இருக்கிறவங்க மாதிரி பேசத் தெரிஞ்சா எங்கிட்டப் பேசு, இல்லாட்டி பேசாத. உன் ஊரு எனக்கு வேணாம். நான் திண்டுக்கல்காரி." அம்மா வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன், அடிப்பாள் என்றுகூடப் பார்த்தேன். "ஓம்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "சரி" என்று திருத்திக்கொண்டாள்.

மறுநாள் காலையில், "கிளம்பிட்டியா?" என்று கேட்டாள். பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். எனக்கு வெற்றியாக இருந்தது. அட மண்டு, என்ன தொலைந்தது என்று அன்றைக்குத் தெரியவில்லை. பேட்டையில் பெண்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, வாரேன், போறேன், அம்புட்டு, இம்புட்டு எல்லாம் கற்றுக்கொண்டாள். முகாமில் மற்றவர்களோடு அவள் பேச்சு அப்படியேதான் ஓடும். நான் உள்ளே நுழைந்தால் பாதி வாக்கியத்தில் மாறிவிடும். மகளிடம் மட்டும் அடுத்தவள் பாஷையில் பேசினாள். பிள்ளை என்று என்னைக் கூப்பிடுவதும் அன்றோடு போயிற்று.

நான் டீச்சர்தான் ஆனேன், அதுவும் தமிழ் டீச்சர். ஆனால் இந்த ஊர்ப் பள்ளியில். கூட வேலை பார்த்தவரையே கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னபோது அம்மா தடுக்கவில்லை. "அப்ப நீ வரமாட்டியா?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்துகொண்டே, "எங்க?" என்று திருப்பிக் கேட்டேன். நாக்கில் சனி என்பார்களே, அது எனக்கு இரண்டு தடவை வந்தது, இரண்டும் அம்மாவிடம்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அம்மா ஊர் திரும்பினாள். அங்கே அவளுடைய அக்கா இருந்தார். மதுரை விமான நிலைய வாசலில் என் மகளை முத்தமிட்டுவிட்டு என்னிடம், "சரிடி, கிளம்புறேன். உடம்பப் பாத்துக்க" என்றாள். அப்போது அவள் போன் அடித்தது. "ஓமக்கா, வெளிக்கிட்டிட்டன்" என்றாள். எத்தனையோ வருடம் கழித்து அந்த வார்த்தை என் காதில் விழுந்தது. சொன்னபோது அவள் முகம் முழுக்க மலர்ந்திருந்தது. எனக்குச் சொன்ன சேதியும் அதேதான். ஆனால் அந்த முகம் எனக்கு வரவில்லை.

பழைய சூட்கேஸை, "உங்கிட்டயே இருக்கட்டும்" என்று விட்டுப் போயிருந்தாள். வீட்டுக்கு வந்து கயிற்றை அவிழ்த்துப் பார்த்தேன். அவள் துணி இல்லை. எனக்கு ஒரு சுங்குடிச் சேலையும் தைத்த ஜாக்கெட்டும் இருந்தன. அதற்கடியில், அதற்கு முந்தின வருடம் காணாமல்போன என் பழைய ஜாக்கெட். அதற்காக இஸ்திரிக்காரரைப் பிடித்து நான் வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தேன். அம்மாதான் அளவுக்கு எடுத்திருக்கிறாள். எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை பெற்று, உடம்பு பெருத்த பிறகும் அவள் பெட்டித் துணியை மாற்றிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். அழுகை அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அங்கே அவளை இந்தியா அம்மா என்று கூப்பிடுகிறார்களாம். என்னிடம் பேசிப் பழகிய வாய் அவள் ஊரிலும் சில சமயம் நழுவிவிடுகிறது. அக்காவின் பேத்தியை, "கிளம்பு" என்று அவசரப்படுத்தப்போய், பிள்ளைகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம். போனில் இதைச் சொல்லி அவளும் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றால் அகதி முகாமில் பிறந்த எனக்கு இன்னும் பாஸ்போர்ட் கிடையாது. திண்டுக்கல்காரி என்று கத்தியவளிடம் அதை நிரூபிக்கக் காகிதம் போதவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பெட்டியை இறக்கி அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டேன். ஜாக்கெட் கச்சிதமாக இருந்தது. கண்ணாடி முன்னால் நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன். அந்தப் பழைய கேள்வியை அவள் கேட்கட்டும் என்று காத்திருந்தால், சாப்பிட்டாயா, பேத்தி என்ன செய்கிறாள் என்றே பேச்சுப் போயிற்று. கடைசியில் நானே, "அம்மா, நான் வெளிக்கிட்டிட்டேன்" என்றேன்.

நான் சொன்னது சரியா தப்பா என்றுகூடத் தெரியவில்லை. பிறகு அம்மா, என் பாஷையில், மெல்லக் கேட்டாள்.

"எங்க?"

பெட்டி கட்டிலின்மேல் திறந்து கிடந்தது.