தேதி பார்த்து அடுக்கிய பெட்டி

தபால் பிரிக்கும் அறையில் முப்பத்து மூன்று வருடம் நின்ற மனிதரைத் திடீரென்று வீட்டில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? சமையலறை தாங்காது. ஓய்வு பெற்ற இரண்டாவது வாரமே அவர் மனைவியின் அலமாரியில் கை வைத்துவிட்டார். டப்பாக்களை எல்லாம் இறக்கித் துடைத்து, உயரத்தின்படி நிறுத்தி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டினார். அன்றைக்கு உப்பைத் தேடியே மனைவிக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"உங்களுக்குக் கை சும்மா இருக்காது. எங்கயாவது போய் எதையாவது பிரிச்சிட்டு வாங்க. என் அடுப்படிய விட்டுடுங்க" என்றார் மனைவி.

அப்படித்தான் அவர் ஆராய்ச்சி நூலகத்தின் மாடிக்கு வந்து சேர்ந்தார். பழைய காகிதங்களைச் சீர்செய்ய மாணவர்களும் தன்னார்வலர்களும் தேவை என்று வாசலில் ஒட்டியிருந்தார்கள். மேலே ஒரு நீளமான மேசை, வெயில் நேராக விழாத ஜன்னல்கள், ஆளுக்கு ஒரு தூரிகை, ஒரு பென்சில். பேனாவுக்கு அங்கே அனுமதி இல்லை. சட்டைப் பையில் இருந்தால்கூட வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். துருப்பிடித்த குண்டூசிக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, தாள் கிழியாமல் கழற்ற வேண்டும். மடிப்பை நீவி, தூசியைத் தட்டி, மூலையில் எண் போட்டு உறையில் வைக்க வேண்டும். மாணவிகள் முதல் நாளே அவருக்குத் 'தபால் சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

ஆவணப் பிரிவைப் பார்த்துக்கொண்ட பெண்மணி, அவருடைய மகள் வயதுதான் இருக்கும், எல்லோருக்கும் சொன்ன விதி ஒன்றே ஒன்று. "எது எப்படி வந்துச்சோ அப்படியே இருக்கணும். மேல இருக்கிறது ஒண்ணு, அடியில இருக்கிறது ரெண்டு. நாம எதையும் மாத்தக் கூடாது."

தபால் சார் தலையைத் தலையை ஆட்டினார். மூன்று மாதம் ஒழுங்காகவும் இருந்தார். பிறகு ஒரு திங்கட்கிழமை ஒரு நர்ஸம்மாவின் பெட்டி வந்தது.

பிரசவமான பெண்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துவந்தவர் அவர். இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த வீடுகளிலிருந்து வந்த கடிதங்கள், நன்றிச் சீட்டுகள், குழந்தையின் எடை குறித்த துண்டுத்தாள்கள் என்று இருநூற்றுப் பதினான்கு. மகள் கொண்டுவந்து கொடுத்திருந்தார். மேலே இருந்த கடிதம் ஏதோ ஒரு வருடத்தது, அதற்கடியில் இருந்தது பத்து வருடம் முந்தியது, மூன்றாவது மேலே இருந்ததற்கும் பிந்தியது. தபால் சாருக்குப் பொறுக்கவில்லை. இதில் வரிசை எங்கே இருக்கிறது, யாரோ கொட்டி அள்ளியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினார். அந்தப் பெண்மணி ஒரு கூட்டத்துக்குப் போயிருந்த நேரம். குண்டூசிகளைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டார். கை ஓடிய வேகம் இருக்கிறதே, பக்கத்து மாணவிகள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மதியத்துக்குள் அத்தனையும் தேதி வாரியாகத் தயார். தேதி இல்லாதவை தனிக் கட்டு.

திரும்பி வந்த பெண்மணி மேசையைப் பார்த்தார். கத்தியிருந்தால்கூடத் தேவலாம். நாற்காலியை இழுத்துப் போட்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"சார், அந்தம்மா முப்பது வருஷம் இத ஒரு வரிசையில வெச்சிருந்தாங்க. என்ன வரிசைன்னு நமக்குத் தெரியாது. இனிமே தெரியவும் தெரியாது."

"நான் கலைஞ்சு கிடக்குன்னு..."

"வெள்ளிக்கிழமை அவங்க மக வர்றாங்க. பெட்டிய ஒருதடவை பார்க்கணுமாம். நான் என்ன சொல்லட்டும்?"

"நானே சொல்றேன், மேடம். சொல்லிட்டு இந்த வேலையிலிருந்து நின்னுக்கறேன்."

தப்பை மறைக்கத் தெரியாத மனிதர். அது ஒன்றுதான் அன்றைக்கு அவரிடம் மிச்சமிருந்த பெருமை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். மனைவி துருவித் துருவிக் கேட்டு விஷயத்தைக் கறந்துவிட்டார். கேட்டு முடித்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"என் டப்பாவ என்ன பண்ணீங்களோ, அதையேதான் அந்தம்மாவுக்கும் பண்ணியிருக்கீங்க. நான் என்ன, கண்ணை மூடிக்கிட்டா அடுக்கி வெச்சிருந்தேன்? கை போற வழிக்கு வெச்சிருந்தேன். முதல்ல எண்ணெய், அப்புறம் கடுகு, அப்புறம் உப்பு. பார்க்கிறவங்களுக்குக் குப்பையாத்தான் தெரியும்."

தபால் சார் நிமிர்ந்தார். கை போற வழி. ஊரெல்லாம் நடந்த நர்ஸம்மாவுக்குக் கையா முக்கியம்? கால் போற வழிதானே!

மறுநாள் நூலகம் திறக்கும் முன்பே வாசலில் நின்றார். தேதிகளை விட்டுவிட்டு முகவரிகளைப் பார்த்தார். ரயிலடிச் சந்து, பள்ளிக்கூடத் தெரு, தண்ணீர்த்தொட்டி முனை. அந்தப் பகுதியின் தபால்களைப் பதினோரு வருடம் பிரித்தவர். எந்த வீட்டுக்கு அடுத்து எந்த வீடு என்பது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். பெட்டியில் மேலே பார்த்த மூன்று கடிதங்களும் ஆஸ்பத்திரியை அடுத்த மூன்று வீடுகள் என்பது நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் தொடங்கி இடது கைப்பக்க வீடுகளைப் பார்த்துக்கொண்டே போய், தொட்டி முனையில் திரும்பி, எதிர்ப்பக்க வீடுகள் வழியாக வரும் நடை. அந்த நடைப்படியே அடுக்கினார்; எந்த வருடத்துக் குழந்தையானாலும் சரி, அதனதன் வீட்டில் வந்து சேர்ந்தது.

"ஊகம் போதாது சார். ஆதாரம் வேணும்" என்றார் அந்தப் பெண்மணி. கண்டிப்பானவர், ஆனால் குரலில் ஈரம் வந்திருந்தது.

ஆதாரம் தாள்களிலேயே இருந்தது. ஒவ்வொரு குண்டூசியும் தான் கிடந்த இடத்தில் துருவைப் பதித்திருந்தது. ஒரு தாளின் முதுகில் இருந்த பழுப்புக் கோடு அடுத்த தாளின் முகத்தில் அதே இடத்தில், அதே சாய்வில் இருந்தது. புதனும் வியாழனும் முழுக்கத் துருவைத் துருவோடு பொருத்திப் பார்த்தார். மாணவிகளும் பூதக்கண்ணாடியோடு வந்து சேர்ந்துகொண்டார்கள். கோடு விழுந்த இடமெல்லாம் நடை சரியாக இருந்தது. தேதியோ முகவரியோ இல்லாத ஒரே ஒரு சீட்டு மட்டும் பாக்கி. நோட்டிலிருந்து கிழித்த தாள், குழந்தைக் கையெழுத்து. அதன் துரு கட்டின் கடைசிக் கடிதத்தோடு பொருந்தியது. ஆகவே அடியில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை மகள் வந்தார். நரைக்கத் தொடங்கியிருந்தவர். தபால் சார் எழுந்து நின்று, தான் செய்ததை ஒன்று விடாமல் சொன்னார். கலைத்தது, திருப்பி அடுக்கியது, எல்லாம். அந்த அம்மாள் கோபப்படவில்லை. ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே போனார். கடைசிச் சீட்டில் கை நின்றது.

"அம்மா, எப்ப வருவ? நான் சாப்பிட்டேன். சாவி ஜன்னல்ல இருக்கு." சத்தமாகவே படித்தார். "இது நான் எழுதினது. ஏழு வயசு இருக்கும்." கொஞ்சம் பொறுத்து, "இங்கயும் நான் கடைசியா?" என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "எல்லார் வீட்டுக் குழந்தைக்கும் அப்புறம்தான் எங்கம்மாவுக்கு நான்."

ஆவணப் பிரிவுப் பெண்மணி தண்ணீர் எடுக்க எழுந்தார். தபால் சாருக்கோ இது அவருடைய வேலை சம்பந்தப்பட்ட கேள்வி.

"இல்லீங்கம்மா. இது வரிசை இல்ல, நடை. ஆஸ்பத்திரியில ஆரம்பிச்சு தொட்டி முனை சுத்தி வருது. உங்க வீடு எங்க இருந்துச்சு?"

"பள்ளிக்கூடத் தெரு. தொட்டி முனையிலிருந்து திரும்பி வந்தா, கடைசி வீடு."

"அதான். எல்லா வீட்டையும் முடிச்சிட்டு அவங்க வந்து சேர்ற வீடு அது. அங்க வெச்சிருக்காங்க உங்கள."

அந்த அம்மாள் சீட்டை மறுபடி ஒருமுறை படித்தார். அழுதார், யாரும் தடுக்கவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நம்பர் போட்டுடுங்க சார்" என்று சீட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

தபால் சார் ஆவணப் பிரிவுப் பெண்மணியைப் பார்த்தார். அவர் பென்சிலைச் சீவி நீட்டினார். மூலையில், சின்னதாக, அழுத்தாமல், இருநூற்றுப் பதினான்கு என்று எண் போட்டார்.